தீர்ப்பாயத்திடம் மறுஆய்வு கேட்கும்போது செய்யக் கூடாதவை

போத்தனூர் ரயில்வே பணிமனை, ஈரோடு லோகோ ஷெட், கோவை அஞ்சல் கோட்டம். இங்கிருந்தெல்லாம் சென்னையிலுள்ள மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போய்த் தோற்றுவரும் ஊழியர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: "ஏனுங்க வக்கீலய்யா, அவங்க குடுத்த தீர்ப்பை அவங்களே மாத்தக் கூடாதுங்களா?"

மாற்றலாம். 1985ஆம் ஆண்டு நிர்வாகத் தீர்ப்பாயங்கள் சட்டத்தின் 22(3)(எஃப்) பிரிவு அந்த அதிகாரத்தைத் தருகிறது. நடைமுறை 1987ஆம் ஆண்டு தீர்ப்பாய நடைமுறை விதிகளில் 17ஆம் விதியில் இருக்கிறது. ஆனால் 'மாற்றலாம்' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு புதிய வழக்கறிஞர்கள் போடும் மறுஆய்வு மனுக்கள் (ஆர்.ஏ.) ஒரே காரணத்துக்காகத் திரும்பத் திரும்பத் தள்ளுபடியாகின்றன. கையெழுத்து விடுபட்டது, பக்க எண் மாறியது போன்ற குறைகளைப் பதிவகமே சுட்டிக்காட்டித் திருப்பிவிடும். அவற்றை இங்கே பேசப்போவதில்லை.

மேல்முறையீட்டை எழுதி 'மறுஆய்வு' என்று தலைப்பிடுவது

அதிக விலை கொடுக்க வைக்கும் தவறு இதுதான். இத்தனை தீர்ப்புகள் வந்த பிறகும் இது தொடர்வது எரிச்சலூட்டுகிறது. மூல மனுவில் (ஓ.ஏ.) இருந்த காரணங்களை அப்படியே நகலெடுத்து, ஒவ்வொன்றின் முன்னும் "தீர்ப்பாயம் கருத்தில் கொள்ளத் தவறியது" என்று சேர்த்துவிடுகிறார்கள். இருபது பக்கம் ஆகிறது. அதில் ஒரு பக்கம்கூட மறுஆய்வுக்கு உரியதாக இருப்பதில்லை.

தீர்ப்பாயத்தின் மறுஆய்வு அதிகாரம் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 47ஆம் கட்டளை, 1ஆம் விதியின் எல்லைக்குள் அடங்கியது. உரிய முயற்சி எடுத்தும் முன்பு தெரியவராத புதிய, முக்கியமான ஆதாரம். ஆவணத்தின் முகப்பிலேயே தெரியும் பிழை. இவற்றை ஒத்த போதுமான வேறு காரணம். அவ்வளவுதான். அஜித் குமார் ரத் வழக்கில் (1999) உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: தவறான கருத்தைத் திருத்தவோ மறுபடி வாதிடவோ மறுஆய்வு கிடையாது. கமல் சென்குப்தா வழக்கு (2008) இன்னும் விரிவாகச் சொல்கிறது. நீண்ட வாதத்தால்தான் வெளிவரும் என்றால் அது முகப்பில் தெரியும் பிழை ஆகாது.

ஓர் உதாரணம். தேசிய ஓய்வூதியத் திட்டம் அறிவிக்கப்பட்டது 22.12.2003. அதற்கு முன் விளம்பரமான பணியிடத்தில் 1.1.2004 அன்றோ அதன் பிறகோ சேர்ந்தவருக்குப் பழைய ஓய்வூதியத்தைத் தேர்ந்தெடுக்க 3.3.2023 அலுவலகக் குறிப்பாணை ஒருமுறை வாய்ப்புத் தந்தது. உங்கள் கட்சிக்காரரின் பணியிட விளம்பரம் 15.12.2003 என்று இணைப்பு ஏ-2இல் இருக்கிறது. உத்தரவு அதை 15.1.2004 என்று குறித்து, அதன்மேல் வழக்கைத் தள்ளியிருக்கிறது. இது முகப்பில் தெரியும் பிழை. இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தால் போதும், வாதமே வேண்டாம். அதே வழக்கில் தேதியைச் சரியாகக் குறித்துவிட்டு, "இந்த விளம்பரம் அந்தப் பணியிடத்துக்கானது அல்ல" என்று முடிவு செய்திருந்தால் அது தீர்ப்பாயத்தின் கருத்து. தவறாகவே இருக்கட்டும், அதற்கு இடம் உயர் நீதிமன்றம்.

ஆகவே மனுவில் நான்கு விஷயம் இருந்தால் போதும்: உத்தரவின் பத்தி எண், பிழையான வரி, அதற்கு எதிரான இணைப்பின் பக்க எண், அது திருத்தப்பட்டால் முடிவு எப்படி மாறும் என்பது. கடைசியானதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். முடிவை மாற்றாத பிழைக்காக ஆர்.ஏ. போட்டுப் பயனில்லை. இந்த நான்கையும் இரண்டு மூன்று பக்கத்தில் சொல்ல முடியாவிட்டால் உங்களிடம் இருப்பது மறுஆய்வுக் காரணம் அல்ல.

இதில் பணத்தைவிடப் பெரிய இழப்பு காலம். எல். சந்திரகுமார் வழக்குக்குப் (1997) பிறகு தீர்ப்பாய உத்தரவை உயர் நீதிமன்ற டிவிஷன் பெஞ்ச் முன் எதிர்க்கலாம். அங்கே போக வேண்டியவரை ஆர்.ஏ.வில் மாதக்கணக்கில் உட்கார வைத்துவிட்டு, பிறகு ரிட் மனுவில் தாமதத்துக்கு விளக்கம் எழுத வேண்டியிருக்கிறது. பதவி உயர்வு வழக்கு என்றால் அதற்குள் ஜூனியர் மேலே போய்விடுவார்.

பின்னால் வந்த தீர்ப்பைக் காட்டுவது

வேறொருவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறகு மாற்றிச் சொன்னது மறுஆய்வுக் காரணம் ஆகாது. 47ஆம் கட்டளையின் விளக்கக் குறிப்பிலேயே இருக்கிறது.

ஆர்.டி.ஐ.யில் வாங்கிய தாளை மட்டும் நம்புவது

தாள் புதிதாகக் கைக்கு வந்தது என்பது போதாது. முன்பு ஏன் கிடைக்கவில்லை என்று காட்ட வேண்டும். ஓ.ஏ. நடந்தபோதே எழுதிக் கேட்டு, 'கோப்பு இல்லை' என்று துறை பதில் தந்து, இப்போது அதே கோப்பு வெளிவந்தால் அந்தப் பழைய பதிலையும் இணையுங்கள். ஒருமுறைகூடக் கேட்காமல் இருந்துவிட்டு, தோற்ற பிறகு ஆர்.டி.ஐ. போட்டு முப்பது நாளில் வாங்கிய தாள் எதிராகவே பேசும். முன்பே கேட்டிருந்தால் முன்பே கிடைத்திருக்கும் என்றாகிவிடும். அந்த விவரம் எப்படித் தெரியவந்தது என்பதைப் பிரமாணப் பத்திரத்தில் சொல்ல வேண்டும். விதி 17(5) அதைக் கட்டாயமாக்குகிறது.

30 நாள்

உத்தரவு நாளிலிருந்து அல்ல, நகல் கிடைத்த நாளிலிருந்து. அந்த நாளைக் காட்ட உதவும் தபால் உறையைத் தூக்கிப் போடாதீர்கள். "ஏற்கப்படாது" என்பதே விதியின் சொல், ஆகவே தாமத மன்னிப்பை நம்பி இருக்க வேண்டாம். துறைத் தரப்பு வழக்கறிஞர்களுக்கும் இதே கணக்குத்தான். கோப்பு சட்டக் கருத்துக்காகக் கோவையிலிருந்து சென்னை போய்வருவதற்குள் நாள் முடிந்துவிடும்.

விசாரணைக்கென்று சேரன் எக்ஸ்பிரஸ் ஏறச் சொல்வது

ஆர்.ஏ. பொதுவாகச் சர்க்குலேஷனில் முடியும். உறுப்பினர்கள் தாளைப் படித்து அறையிலேயே தள்ளுபடி செய்யலாம், அல்லது எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் அனுப்பலாம். வாய்மொழி வாதம் உண்டென்று கட்சிக்காரரிடம் சொல்லி லீவு போட வைக்காதீர்கள். நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று எதையும் மனுவில் எழுதாமல் விடவும் கூடாது.

ஆஜராகாமல் தள்ளுபடியானதற்கு ஆர்.ஏ.

தவறான மனு. அதற்கு 1987 விதிகளின் 15ஆம் விதி. எதிர்த்தரப்பு இல்லாமல் வந்த உத்தரவென்றால் 16ஆம் விதி. இரண்டுக்கும் 30 நாள்.

பெயர், கூட்டல், தட்டச்சுப் பிழை

இதர மனு (எம்.ஏ.) போதும்.

ஆர்.ஏ. நிலுவையே தடையாணை என்று நினைப்பது

இது துறைகள் செய்வது. தடையாணை வாங்காத வரை உத்தரவை நிறைவேற்றியாக வேண்டும். அவமதிப்பு மனுவுக்கு ஊழியருக்கு ஓராண்டுதான் காலம். ஆர்.ஏ. முடியட்டும் என்று அவரும் காத்திருந்தால் அந்த ஓராண்டு அவரை விட்டுப் போய்விடும்.

இரண்டாவது ஆர்.ஏ.

கிடையாது. விதி 17(4).

உயர் நீதிமன்றத்தில் பாதியை மட்டும் கேட்பது

ஆர்.ஏ. தள்ளுபடியானதும் அந்த உத்தரவை மட்டும் எதிர்த்து ரிட் போடுகிறார்கள். தள்ளுபடியான மறுஆய்வுக்குள் மூல உத்தரவு கலந்துவிடுவதில்லை. அது தனியாக உயிரோடு நிற்கும். ஓ.ஏ. உத்தரவின் எண்ணையும் தேதியையும் வேண்டுதல் பகுதியில் முதலில் எழுதுங்கள், ஆர்.ஏ. உத்தரவை அதன் பின் சேருங்கள். இரண்டின் சான்றிட்ட நகலும் கையில் இருந்தால்தான் ரிட் மனுவுக்கு எண் விழும்.