மூட்டு மாற்று ஆபரேஷனுக்குப் பிறகு திடீரென வலி கூடினால்

முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து ஐந்தாறு வாரம் ஆகியிருக்கும். வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வந்திருப்பீர்கள். ஒருநாள் காலையில் பார்த்தால் முட்டி வீங்கி, தொட்டால் சூடாக, முதல் வாரத்தில் வலித்த மாதிரியே வலிக்கும். "ஆபரேஷன் ஃபெயிலாயிடுச்சோ?" என்று வீட்டில் பேச்சு கிளம்பும்.

பெரும்பாலும் அப்படி இருக்காது. உள்ளே வைத்திருக்கும் உலோகத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் வலி தெரியாது. பெரும்பாலும் வலிப்பது சுற்றியுள்ள தசையும் தசைநாரும் மூட்டைச் சுற்றியுள்ள உறையும்தான். அவை ஆறிக்கொண்டிருக்கும்போது வழக்கத்தை விட வேலை கூடினால் வீங்கும். லேசான வீக்கமும் சூடும் மூன்று முதல் ஆறு மாதம் வரை வந்து போவது சகஜம். சிலருக்கு அதற்கு மேலும் இருக்கும்.

1. முதலில் ஆபத்து இல்லையா என்று பாருங்கள்

கெண்டைக்கால் வீங்கி, அழுத்தினால் வலிக்கிறதா? இரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். கூடவே மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ இருந்தால் 108-க்கு அழையுங்கள். காய்ச்சல், தையல் இடத்தில் நீர் அல்லது சீழ், பரவும் சிவப்பு, விழுந்த பிறகு கால் ஊன்ற முடியாமை ஆகியவையும் காத்திருக்கக் கூடாதவை.

சீழ் வருகிறது என்று மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள். எந்தக் கிருமி என்று மூட்டு நீரை எடுத்துச் சோதிப்பார்கள். முன்கூட்டியே மருந்து போட்டால் அந்தச் சோதனையில் கிருமி சிக்காமல் போகலாம்.

2. முந்தைய இரண்டு நாளை நினைத்துப் பாருங்கள்

கூடுதல் வேலைக்கான வலி பெரும்பாலும் அன்றே வராது, மறுநாள்தான் வரும். அதனால்தான் காரணம் பிடிபடுவதில்லை. முகூர்த்தத்தில் இரண்டு மணி நேரம் நின்றீர்களா? லிஃப்ட் வேலை செய்யாமல் மாடி ஏறினீர்களா? பிசியோ புதிய பயிற்சி கொடுத்தாரா? "இன்னிக்கு நல்லாருக்கே" என்று இரட்டிப்பாக நடந்தீர்களா? நான் பார்த்த வரையில் கடைசிக் காரணம்தான் அதிகம். எதிர் வீட்டு மாமி இரண்டே மாதத்தில் பழனி மலை ஏறினார் என்ற கதை உங்கள் காதுக்கும் வரும். கேட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

3. வீக்கத்தை இறக்குங்கள்

ஐஸ் கட்டிகளை உடைத்து பாலிதீன் கவரில் போட்டு, துண்டில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு தடவை வைக்கலாம். தையல் தழும்பின் வெளிப்பக்கத்தில் பலருக்கும் தோல் மரத்திருக்கும். அங்கே குளிர் சுட்டாலும் தெரியாது. கடிகாரத்தைப் பார்த்து எடுங்கள், தோலையும் ஒருமுறை பாருங்கள்.

பிறகு படுத்துக்கொண்டு காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே உயர்த்துங்கள். தலையணை குதிகாலுக்கும் கெண்டைக்காலுக்கும் அடியில் இருக்க வேண்டும், முட்டிக்கு அடியில் வேண்டாம். முட்டிக்கு அடியில் வைத்தால் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் அதே பழக்கமானால் கால் முழுசாக நீளாமல் போய்விடும்.

வெந்நீர் ஒத்தடம், எண்ணெய் போட்டு நீவுவது இரண்டும் வீங்கிய முட்டிக்கு இப்போது வேண்டாம். வலி மாத்திரை டாக்டர் எழுதியது மட்டும். பி.பி.யோ சிறுநீரகத் தொந்தரவோ உள்ளவர்கள் டைக்ளோஃபெனாக் போன்றவற்றைத் தாமாகச் சேர்த்துக்கொள்வது ஆபத்து.

4. நிறுத்தாதீர்கள், பாதியாக்குங்கள்

வலி வந்ததும் ஒரு வாரம் கட்டிலை விட்டு இறங்காமல் இருப்பதுதான் நம் வீடுகளில் நடப்பது. அது வலியை விடப் பெரிய தொந்தரவு. முதல் மூன்று மாதத்தில் மடங்காமல் விட்ட மூட்டு உள்ளே தழும்பு கட்டி இறுகும். பிறகு மயக்க மருந்து கொடுத்து மடக்கிவிட வேண்டிய நிலைகூட வரலாம்.

எனவே கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுவது, தொடையை இறுக்கிப் பிடிப்பது, படுக்கையில் குதிகாலைத் தேய்த்து மடக்குவது இவை தொடரட்டும், பாதி எண்ணிக்கையில். பத்து நிமிட நடையை ஐந்தைந்தாகப் பிரியுங்கள். மாடி ஏறுவதையும் புதிதாகச் சேர்த்த பயிற்சியையும் மட்டும் இரண்டு, மூன்று நாள் தள்ளி வையுங்கள். பாசத்தில் யாராவது பிடித்து மடக்க வந்தால் தடுத்துவிடுங்கள்.

5. மறுபடி ஏற்றுவது எப்படி

வலிக்கு 0 முதல் 10 வரை எண் கொடுங்கள். பயிற்சியின்போது 4, 5 வரை போனால் பரவாயில்லை. மறுநாள் காலை பழைய எண்ணுக்கே இறங்கியிருக்கிறதா என்பதுதான் கணக்கு. இறங்கியிருந்தால் கொஞ்சம் கூட்டலாம். இல்லையென்றால் அதே அளவில் நில்லுங்கள். நடையையும் மாடியையும் ஒரே நாளில் கூட்டினால், எதனால் வலி வந்தது என்று மறுபடி தெரியாது.

மாடிக்குத் திரும்பும்போது கைப்பிடியை விடாதீர்கள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில்.

எண்ணையும் அன்று செய்த வேலையையும் காலண்டர் தாளிலாவது குறித்து பிசியோவிடம் காட்டுங்கள். "ரொம்ப வலிச்சுது" என்பதை வைத்து அவரால் ஒன்றும் மாற்ற முடியாது. ஒரு வாரமாகியும் எண் இறங்கவில்லை என்றால் அடுத்த செக்கப் தேதி வரை இருக்காமல் டாக்டருக்கு போன் செய்யுங்கள்.