ஊழலைப் புகார் செய்யும் ஊழியர் தம்மைக் காத்துக்கொள்ளும் வழிகள்

ஊழலை வெளிப்படுத்துவோரைக் காப்பதற்கென்றே நாடாளுமன்றம் 2014இல் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் அதே ஆண்டு மே மாதத்தில் கிடைத்தது. ஆனால் அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கை மட்டும் இன்றுவரை வெளியாகவில்லை. ஆகவே, சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி மதுரையிலோ உசிலம்பட்டியிலோ ஓர் ஊழியர் தம் மேலதிகாரி மீது புகார் எழுதிவிட்டுக் காத்திருப்பது விவேகமல்ல. பாதுகாப்பு அறவே இல்லை என்பதும் உண்மையல்ல. அது பல சட்டங்களில் சிதறிக் கிடக்கிறது. அவற்றில் எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை உங்களுக்குச் சம்பளம் தருபவர் யார் என்பதே தீர்மானிக்கிறது. புகாரின் முதல் வரியை எழுதுமுன் இதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

அதற்கும் முன்பாகச் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. புகார் போனதும் நிர்வாகம் முதலில் தேடுவது ஊழலை அல்ல, புகார் கொடுத்தவரின் பழைய குறைகளைத்தான். எனவே பணி நியமன ஆணை, சம்பளச் சீட்டுகள், விடுப்பு அனுமதிகள், பாராட்டுக் கடிதங்கள், பணிப்பதிவேட்டின் நகல் ஆகியவற்றை அமைதியான காலத்திலேயே வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஊழல் பற்றிய விவரங்களை ஒரு நோட்டில் தேதி, நேரம், இடம், உடனிருந்தவர் பெயர் ஆகியவற்றோடு அன்றன்றே எழுதி வாருங்கள். அலுவலகக் கோப்பின் மூலப் பிரதியை ஒருபோதும் வெளியே எடுத்துச் செல்லாதீர்கள். அது திருட்டுக் குற்றச்சாட்டாக உங்கள் மீதே திரும்பும். கோப்பு எண்ணையும் பக்க எண்ணையும் குறித்துக்கொண்டால் போதும். விசாரணை அமைப்பு அதைக் கைப்பற்றிக்கொள்ளும், அல்லது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வேறொருவர் பத்து ரூபாய் கட்டணத்தில் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பிக்கலாம். கைப்பேசியில் பதிவான உரையாடல் இருந்தால், அந்தக் கைப்பேசியையே மாற்றாமலும் அழிக்காமலும் பத்திரப்படுத்துங்கள். 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய சட்டம் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் தர வேண்டியிருக்கும்.

ஆதாரம் எவ்வளவு எளிதாகக் கைமாறிவிடும் என்பதை மதுரைக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கிரானைட் முறைகேட்டை விசாரிக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தால் 2014இல் சட்ட ஆணையராக நியமிக்கப்பட்ட உ. சகாயம், குவாரிக்காக நரபலி கொடுக்கப்பட்டதாக எழுந்த புகார் தொடர்பாக மேலூர்ப் பக்கம் எலும்புகளைத் தோண்டவிருந்த இடத்தை விட்டு அகலாமல், 2015 செப்டம்பரில் ஓர் இரவு முழுவதும் மயானத்திலேயே தங்கினார். அதே முறைகேடு பற்றி 2012இல் மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்து அரசுக்கு அறிக்கை அனுப்பிய அவர், அவ்வாண்டே கோ-ஆப்டெக்ஸுக்கு மாற்றப்பட்டார். ஓர் ஆட்சியருக்கே அந்த நிலை என்றால், இளநிலை உதவியாளரும் ஒப்பந்தத் தொழிலாளியும் எவ்வளவு ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

இனி, எங்கே புகார் செய்வது என்பதற்கு வருவோம். ரயில்வே மதுரைக் கோட்டம், அஞ்சல் துறை, பொதுத்துறை வங்கி, விமான நிலையம் போன்ற மத்திய அரசின் கீழ்வரும் இடங்களில் நடக்கும் ஊழலுக்கு, மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்திடம் பொதுநல வெளிப்படுத்தல் தீர்மானத்தின் கீழ்ப் புகார் செய்யலாம். பெயரை மறைத்து வைக்கும் கடமையை எழுத்திலேயே ஏற்றிருப்பதால், இருக்கும் வழிகளுள் இதுவே வலுவானது என்பது என் கருத்து. தேசிய நெடுஞ்சாலை ஆணையப் பொறியாளர் சத்யேந்திர துபே, தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று வேண்டிப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய கடிதம் பெயரோடு பல கைகள் மாறிச் சென்றது. 2003 நவம்பரில் கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பிறகே, 2004 ஏப்ரலில் இந்தத் தீர்மானம் வந்தது. அதன் விதிகள் விசித்திரமாகத் தோன்றினாலும் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு.

புகாரை ஒட்டிய உறையில் வைத்து, புதுதில்லியிலுள்ள ஆணையத்தின் செயலாளருக்கு அனுப்ப வேண்டும். உறையின் மேல் இந்தத் தீர்மானத்தின் ஆங்கிலச் சுருக்கமான ‘பி.ஐ.டி.பி.ஐ.’ (PIDPI) என்ற எழுத்துகளை ஆங்கிலத்தில் தெளிவாக எழுத வேண்டும். அது இல்லையேல் சாதாரணப் புகாராகவே பிரிக்கப்படும், பெயரைக் காக்கும் பொறுப்பும் ஆணையத்துக்கு இராது. அனுப்புநர் பெயரை உறையின் மேல் எழுதக் கூடாது. கடிதத்தின் உள்ளே கட்டாயம் எழுத வேண்டும், ஏனெனில் மொட்டைக் கடுதாசிகள் ஏற்கப்படுவதில்லை. இத்தகைய உறைகளுக்கு அனுப்புநரின் அடையாளத்தைக் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று அஞ்சலகங்களுக்கு அறிவுறுத்தப்பட்டுள்ளது. இருப்பினும், முகம் தெரிந்த பக்கத்து அஞ்சலகத்தைத் தவிர்த்து, தல்லாகுளம் போன்ற பெரிய அஞ்சலகத்துக்குப் போவது நல்லது. ஆணையத்திடமிருந்து ஒப்புகை வராது, நீங்களும் நினைவூட்டல் அனுப்பக் கூடாது. புகாரின் நகலை அமைச்சருக்கும் சங்கத்துக்கும் பத்திரிகைக்கும் அனுப்பிவிட்டால், உங்கள் பெயரை நீங்களே வெளியிட்டதாக ஆகிவிடும். சொந்தக் குறையை, உதாரணமாக மறுக்கப்பட்ட பதவி உயர்வை, அதே கடிதத்தில் கலக்காதீர்கள். எழுதியவர் யார் என்பதை அந்த ஒரு வரியே காட்டிக்கொடுக்கும். புகாருக்காகப் பழிவாங்கப்பட்டால் அதே ஆணையத்திடம் முறையிட்டு நிவாரணம் கோர இடமுண்டு.

மாநில அரசு ஊழியர்களுக்கு இந்தத் தீர்மானம் பொருந்தாது. தாலுகா அலுவலகம், மாநகராட்சி, போக்குவரத்துக் கழகம், ஆவின் போன்ற இடங்களில் நடப்பதை லஞ்ச ஒழிப்புத்துறையின் மதுரைப் பிரிவிடம் சொல்லலாம். அமைச்சர்கள் உள்ளிட்டோர் மீதான புகாருக்கு 2018ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த லோக் ஆயுக்தாவும் உண்டு. லஞ்ச ஒழிப்புத்துறைக்குப் போகும்போது, புகார்தாரராகவா, தகவல் தருபவராகவா என்பதை முன்பே தீர்மானியுங்கள். ரசாயனம் தடவிய நோட்டைக் கொடுத்துக் கையும் களவுமாகப் பிடிக்கும் வழக்கில் புகார்தாரரின் பெயர் முதல் தகவல் அறிக்கையிலேயே இருக்கும்; பின்னாளில் சாட்சிக் கூண்டிலும் ஏற வேண்டும். தகவல் மட்டும் தருபவரின் நிலை வேறு. குற்றம் பற்றிய தகவல் எங்கிருந்து வந்தது என்று சொல்லும்படி காவல் அதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது சாட்சியச் சட்டம். நம்பிக்கையின் பேரில் தகவல் தந்தவரை அடையாளம் காட்டும் விவரத்தைத் தர மறுக்கலாம் என்கிறது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜி) பிரிவு. ஆயினும் ஓர் எச்சரிக்கை: கோப்பில் எடுத்த முடிவுகள் பற்றிய புகாரானால், ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018இல் சேர்க்கப்பட்ட 17ஏ பிரிவின்படி விசாரணைக்கு அரசின் முன் அனுமதி தேவை. அந்தக் கோரிக்கை துறைக்குள்ளேயே பயணிக்கும் என்பதால், உங்கள் மேசையில் இருப்பவருக்கு மட்டுமே தெரியக்கூடிய விவரத்தை எப்படி எழுதுவது என்பதில் கவனம் வேண்டும்.

நீங்களே லஞ்சம் கொடுக்க நேர்ந்திருந்தால் நாள் கணக்கு முக்கியம். 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் காவல் துறையிடமோ விசாரணை அமைப்பிடமோ தெரிவித்தால் மட்டுமே அதிலிருந்து விலக்கு. கொடுக்கும் முன்பே தகவல் சொல்லிவிட்டு, அவர்கள் சொற்படி கொடுத்தால் குற்றமே இல்லை.

தனியார் நிறுவனங்களில் நிலைமை சீரற்றது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களும், பொதுமக்களிடம் வைப்புத்தொகை பெறுபவையும், வங்கிகளிடமும் பொது நிதி நிறுவனங்களிடமும் 50 கோடி ரூபாய்க்கு மேல் கடன் வாங்கியவையும் ஊழியர் புகாருக்கென்று தனி ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்று கம்பெனிகள் சட்டம் 2013இன் 177ஆம் பிரிவு சொல்கிறது. பழிவாங்கலுக்கு எதிரான பாதுகாப்பும், தக்க நேர்வுகளில் தணிக்கைக் குழுத் தலைவரை நேரடியாக அணுகும் வசதியும் அதில் அடங்க வேண்டும். கப்பலூரிலுள்ள சிறு தொழிற்கூடத்துக்கோ ஒப்பந்தக்காரரின் கீழ் வேலை செய்பவருக்கோ இது பெரும்பாலும் எட்டாது. அவர்கள் தொழிற்சங்கத்தின் வழியாகவோ, பலர் கையெழுத்திட்டோ புகார் செய்வதே பாதுகாப்பானது.

எந்த வழியானாலும் முகநூலிலும் வாட்ஸ்அப் குழுவிலும் எழுதாதீர்கள். உரிய அதிகாரியிடம் நல்லெண்ணத்தோடு சொல்லும் குற்றச்சாட்டு அவதூறாகாது என்ற விதிவிலக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் இருக்கிறது. ஊருக்கே சொல்பவருக்கு அந்த விதிவிலக்கு கிடைக்காது.

பழிவாங்கல் பெரும்பாலும் காகிதத்தில்தான் வரும். அரசு ஊழியருக்கு 17பி மெமோவாகவோ (ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் கீழ் தரப்படும் குற்றச்சாட்டுக் குறிப்பாணை), சஸ்பெண்ட் ஆணையாகவோ, தொலைவிடத்துக்கு மாறுதலாகவோ வரும். மெமோவைப் பெற்றுக்கொள்ள மறுக்காதீர்கள்; அதில் சுட்டப்பட்ட ஆவணங்களின் நகலை எழுத்தில் கேட்டு, கெடுவுக்குள் பதில் தாருங்கள். மாறுதல் வந்தால் பணியில் சேராமல் இருப்பதே தனிக் குற்றமாகிவிடும் என்பதால், சேர்ந்துவிட்டு எதிர்ப்பது நல்லது. மாறுதலில் நீதிமன்றங்கள் எளிதில் தலையிடுவதில்லை. உள்நோக்கத்தைக் காட்ட வேண்டும். அதற்குப் புகார் சென்ற தேதி, அது அதிகாரிக்குத் தெரிந்த தேதி, மெமோ வந்த தேதி ஆகியவற்றை வரிசையாகக் காட்டும் ஒரு பக்கப் பட்டியல், உலகனேரியிலுள்ள உயர் நீதிமன்றக் கிளையில் நீளமான வாதத்தை விடப் பயன்படும்.

தனியார் தொழிலாளியானால் வெற்றுத் தாளிலோ ராஜினாமாக் கடிதத்திலோ கையெழுத்துப் போடாதீர்கள், உள்விசாரணையைப் புறக்கணிக்காதீர்கள். பழிவாங்கும் நோக்கில் வேலைநீக்கம் செய்வது நியாயமற்ற தொழிலாளர் நடைமுறை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பும் அவ்வாறே சொல்கிறது. தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் காலம் தாழ்த்தாமல் மனுக் கொடுங்கள். மேலாளர்களும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் பெறும் மேற்பார்வையாளர்களும் அந்தச் சட்டத்தில் தொழிலாளராகக் கருதப்படுவதில்லை. அவர்கள் சிவில் நீதிமன்றத்தை நாட வேண்டியிருக்கும்.

உயிருக்கு மிரட்டல் வந்தால் அதைத் தனிப் புகாராக அன்றே காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது பெறுங்கள். 2023 ஏப்ரலில் தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் மணல் கடத்தலைப் புகார் செய்த கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ், அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். வழக்கில் சாட்சியாக இருப்பவர், உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் சட்ட வலிமை தந்த சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் மாவட்ட அளவிலான குழுவிடம் விண்ணப்பிக்கலாம். காவல் துறையின் அச்சுறுத்தல் மதிப்பீட்டைப் பார்த்து ரோந்து, கண்காணிப்புக் கேமரா, மூடிய அறையில் சாட்சியம் என்று குழு ஆணையிடும். குடும்பத்துக்கு வந்த மிரட்டலையும் விண்ணப்பத்தில் சேர்க்கலாம்.

வழக்கறிஞர் செலவு அச்சுறுத்தினால், மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100 என்ற எண்ணை அழையுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞரைக் கேட்கும் உரிமை உண்டு. போகும்போது மெமோ அல்லது வேலைநீக்க ஆணையின் நகலையும் அந்தத் தேதிப் பட்டியலையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.