மண்டையோடும் முதுகெலும்பும்: எலும்பு வைவாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எம்.பி.பி.எஸ். முதலாமாண்டு எலும்பு வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மதிப்பெண் போவது பெரும்பாலும் படிக்காததால் அல்ல, எலும்பைப் பார்க்காமல் படித்ததால். வரி பிசகாமல் ஒப்பிக்கிறவர்கூட, மண்டையோட்டைக் கையில் கொடுத்ததும் தடுமாறிவிடுகிறார்.

முதல் தவறு பிடிப்பதிலேயே நடக்கிறது. கண்குழியின் கீழ்விளிம்பும் காதுத்துளையின் மேல்விளிம்பும் ஒரே மட்டத்தில் வரவேண்டும். இதுதான் பிராங்க்பர்ட் தளம். இது சாய்ந்தால் நீங்கள் சொல்லும் மேல், கீழ், முன், பின் எல்லாமே பிசகும். கண்குழிக்குள் விரல்விட்டுத் தூக்கவே கூடாது. அதன் உட்சுவரில் உள்ள லாக்ரிமல், எத்மாய்டு எலும்புகள் அவ்வளவு மெல்லியவை. அது ஒரு மனிதருடைய தலை என்ற நினைப்பும் எப்போதும் இருக்கட்டும்.

அதிகம் பேர் சறுக்கும் இடம், மண்டையோட்டின் அடித்தளத்தில் உள்ள ஃபொராமென் லாசெரம் என்ற ஓட்டை. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் "உள் கரோடிட் தமனி இதன் வழியாகப் போகிறது" என்று சொல்லிவிடுவார்கள். உயிருள்ளவரிடம் அந்த ஓட்டையின் அடிப்பகுதியைக் குருத்தெலும்பு அடைத்திருக்கும். தமனி அதன் மேலாகத்தான் கடக்கிறது. அது மண்டைக்குள் நுழைவது பக்கத்திலுள்ள கரோடிட் கால்வாய் வழியாக. வளையக்கூடிய மெல்லிய ஒயர் ஒன்றைக் கீழிருந்து அந்தக் கால்வாயில் மெதுவாக விட்டுப் பாருங்கள். சற்று மேலே போய், முன்னும் உள்ளுமாகத் திரும்பி, லாசெரத்துக்கு மேலே எட்டிப் பார்க்கும். ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது. பேனாவை விட்டுக் குடையாதீர்கள், கால்வாய் வளைவானது.

டெரியானை ஒரு புள்ளி என்று சொல்லாதீர்கள். ஃப்ரான்டல், பரைட்டல், டெம்போரல், ஸ்பீனாய்டு ஆகிய 4 எலும்புகள் கூடும் சிறு பகுதி அது. வெளியே காட்டியதோடு நிறுத்தாமல் உட்புறத்தையும் காட்டுங்கள். மூளையுறைக்கு ரத்தம் தரும் நடு மெனிஞ்சியல் தமனியின் முன்கிளை பதிந்த பள்ளம் அங்கே தெரியும். பொட்டில் அடிபட்டவர் முதலில் தெளிவாகப் பேசிவிட்டு, பிறகு மயங்கிச் சரிவது ஏன் என்ற கேள்விக்குப் பதில் அந்தப் பள்ளத்தில் இருக்கிறது. தமனி கிழிந்து, எலும்புக்கும் மூளையின் வெளியுறையான டியூராவுக்கும் நடுவே ரத்தம் சேர்ந்து மூளையை அழுத்தும்.

எண்ணிக்கையில் வரும் குழப்பம் சின்னது. மண்டையோடு 22, முதுகெலும்புத் தொடர் 26, மார்புக்கூடு 25. கூட்டினால் 73தான் வரும். அச்சு எலும்புக்கூட்டின் (உடலின் நடு அச்சில் அமைந்த எலும்புகளின்) 80க்கு வேண்டிய மீதி 7, காதுக்குள் இருக்கும் 6 சிற்றெலும்புகளும் நாக்கின் அடியில் உள்ள ஹயாய்டும்.

முதுகெலும்புத் தொடரின் கழுத்து எலும்பை, பின்னோக்கி நீளும் முள்முனை பிளவுபட்டிருப்பதை வைத்து அடையாளம் சொல்லாதீர்கள். முதல் கழுத்து எலும்பான அட்லஸுக்கு முள்முனையே கிடையாது, 7ஆவதற்கு வழக்கமாகப் பிளவு இருக்காது. பக்கவாட்டு முனையிலுள்ள ஓட்டைதான் நம்பகமான அடையாளம். ஆனால் இந்த ஓட்டைகள் வழியாக மேலேறும் வெர்டிப்ரல் தமனி 7ஆவதன் ஓட்டையில் வழக்கமாக நுழைவதில்லை, 6ஆவதிலிருந்துதான் ஏறுகிறது. எலும்புகள் 7 என்பதால் கழுத்து நரம்புகளும் 7 என்று சொல்லிவிடாதீர்கள், அவை 8. முதல் ஏழும் அதே எண்ணுள்ள எலும்புக்கு மேலே வெளிவரும். 8ஆவது, 7ஆம் எலும்புக்குக் கீழே வரும். அதிலிருந்து எல்லாமே அந்தந்த எலும்புக்குக் கீழேதான்.