பல் கட்டிய பிறகு பிரிட்ஜுக்கு அடியில் செய்ய வேண்டியது

கோபிச்செட்டிபாளையத்தில் ஒரு பல் மருத்துவமனையில் பல வருஷமாக உதவியாளராக இருக்கிறேன். டாக்டர் பிரிட்ஜை ஒட்டி முடித்ததும், கையில் கண்ணாடியும் நூலும் கொடுத்து, எப்படிச் சுத்தம் செய்வதென்று செய்ய வைத்துப் பார்ப்பது என் வேலை. அப்போது பெரும்பாலும் ஒரே கேள்விதான் வரும்: "ஏனுங்க அம்மணி, கட்டுன பல்லு சொத்தையாகாதில்லீங்க?" கட்டின பல் சொத்தையாகாது. அதைத் தாங்குகிற உங்கள் சொந்தப் பல் சொத்தையாகும்.

விழுந்த பல்லுக்கு இரண்டு பக்கமும் இருக்கிற பற்களைச் சீவி, அவற்றின் மேல் கேப் மாட்டி, நடுவில் ஒரு செயற்கைப் பல்லை நிறுத்துவதுதான் பிரிட்ஜ். மூன்றும் ஒரே துண்டு. ரெண்டு மாடு சேர்ந்து மூணு மாட்டுச் சுமையை இழுக்கிற மாதிரி, ஓரத்துப் பற்கள் இரண்டும் நடுப்பல்லின் பாரத்தையும் சுமக்கின்றன. கேப் முடிந்து சொந்தப் பல் தொடங்குகிற விளிம்பு ஈறை ஒட்டியே இருக்கும். நடுப்பல்லுக்கு அடியில் சோறும் அழுக்கும் தங்கினால், அந்த விளிம்பு வழியாகத்தான் சொத்தை உள்ளே இறங்குகிறது. தாங்குகிற பல் வேர் சிகிச்சை (ரூட் கேனால்) செய்த பல்லாக இருந்தால் கூச்சமோ வலியோ வந்து எச்சரிக்காது. பிரிட்ஜ் ஆடும்போதுதான் தெரியவரும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 10, 15 வருஷம் உழைக்கும், அதற்கு மேலும் உழைப்பதுண்டு.

பிரஷ் அந்த அடிப்பக்கத்துக்குப் போகாது. வேப்பங்குச்சியும் போகாது. மூன்றும் ஒட்டியிருப்பதால் சாதாரண நூலை மேலிருந்து இறக்கவும் முடியாது. அதற்கென்றே சூப்பர் பிளாஸ் என்று ஒரு நூல் இருக்கிறது. ஒரு முனை விறைப்பாக இருக்கும், நடுப்பகுதி பஞ்சு மாதிரி இருக்கும், மீதி சாதாரண நூல். விறைப்பான முனையைக் கன்னப் பக்கமிருந்து, நடுப்பல்லுக்கும் கேப் பல்லுக்கும் இடையில் ஈறை ஒட்டி உள்ளே விடுங்கள். நாக்குப் பக்கம் வெளியே வந்ததும் பிடித்து இழுத்து, பஞ்சுப் பகுதியை நடுப்பல்லுக்கு அடியில் கொண்டுவந்து முன்னும் பின்னும் மெதுவாகத் தேயுங்கள். அப்புறம் ஒவ்வொரு கேப் பல்லின் பக்கவாட்டிலும் நூலை அணைத்துப் பிடித்து, ஈறின் ஓரம் வரை தேய்க்க வேண்டும். முடிந்ததும் நூலை ஒரு பக்கமாக உருவி எடுங்கள். மேலே வெடுக்கென்று இழுக்காதீர்கள். இரவு படுக்கும் முன் செய்வது நல்லது. ஆரம்பத்தில் கை தடுமாறும், கொஞ்சம் ரத்தமும் கசியலாம். பயந்து நிறுத்திவிட வேண்டாம். ஒன்றிரண்டு வாரம் கழித்தும் ரத்தம் வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

கை நடுங்குகிற பெரியவர்களுக்கு நூலை விடப் பல்லிடுக்கில் விடுகிற குட்டிப் பிரஷ் எளிது. சந்துக்கு ஏற்ற அளவை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். நுழையாத பிரஷைத் திணித்தால் ஈறு புண்ணாகும். தண்ணீர் பீய்ச்சுகிற கருவி இருந்தால் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது இருக்கிறதென்று நூலை விட்டுவிடாதீர்கள்.

மற்றபடி, மென்மையான பிரஷில் ஃபுளோரைடு பேஸ்ட் வைத்துக் காலை, இரவு இரண்டு வேளையும் விளக்கினால் போதும். கரித்தூள், சாம்பல், கொரகொரப்பான பல்பொடி எதுவும் வேண்டாம். அவை ஈறோரத்தில் சொந்தப் பல்லை அரித்துவிடும்.

சாப்பாட்டில் நான் கண்டிப்பானவள். அரிசியும் பருப்பும் சாதம், களி, கூழ், வேகவைத்த கடலை எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். பள்ளிபாளையம் சிக்கனும் சாப்பிடலாம், எலும்பை மட்டும் கடிக்கக் கூடாது. மெட்டல் செராமிக் என்கிற, உலோகத்தின் மேல் பீங்கான் பூசிய பிரிட்ஜில் அந்தப் பூச்சு தெறித்துவிடும். பொங்கல் கரும்பைப் பல்லால் உரிக்காமல், துண்டு போட்டு மறுபக்கம் மெல்லுங்கள். கொட்டைப்பாக்கைக் கைவிட்டே ஆகவேண்டும், பல்லைத் தாண்டி வாய்க்கே கேடு அது. எள்ளுருண்டையும் கமர்கட்டும் பல்லில் ஒட்டி இழுக்கும். டீ குடிப்பவர்கள் கவனியுங்கள்: சர்க்கரை போட்ட டீயை நாள் முழுக்க நாலைந்து முறை உறிஞ்சினால், அந்த விளிம்புக்கு ஓய்வே கிடைக்காது. கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையானாலும் பல்லுக்குச் சர்க்கரைதான். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் தைக்கிறவர்கள் முன்பல்லால் நூலைக் கடித்து அறுப்பார்கள். முன்பக்கம் பிரிட்ஜ் இருந்தால் கத்தரி கட்டாயம்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஈறு சீக்கிரம் கெடும். சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் பிரிட்ஜைக் காப்பதில் சேர்ந்ததுதான். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறவர்கள் அதை டாக்டரிடம் சொல்லுங்கள், இரவில் போட உறை செய்து தருவார்.

வலி இல்லாவிட்டாலும் 6 மாதத்துக்கு ஒருமுறை காட்டுங்கள். கடிக்கும்போது பிரிட்ஜ் லேசாக அசைந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் கெட்ட ருசியோ நாற்றமோ வந்தாலோ 6 மாதம் காத்திருக்கக் கூடாது. ஒரு பக்கச் சிமெண்ட் விட்டுப்போய், மறுபக்கம் மட்டும் பிடித்துக்கொண்டிருக்கலாம். சீக்கிரம் வந்தால் அந்தப் பல்லைக் காப்பாற்ற வழி இருக்கும்.

கழன்றே வந்துவிட்டால், கடையில் விற்கிற பசையைப் போட்டு ஒட்டாதீர்கள். கழுவி, ஒரு சின்ன டப்பாவில் போட்டு, ஓரிரு நாளுக்குள் கொண்டுவாருங்கள். நல்ல நிலையில் இருந்தால் அதையே திரும்ப ஒட்டிவிடலாம். ஆடுகிற பிரிட்ஜை வாயில் வைத்துக்கொண்டு தூங்கவும் வேண்டாம், தொண்டைக்குள் போய்விடும். என்றைக்குக் கட்டியது, முழுப் பீங்கான் வகையான ஜிர்கோனியாவா மெட்டல் செராமிக்கா என்று எழுதின சீட்டு இருந்தால் அதையும் கையோடு எடுத்துவாருங்கள்.