நெற்றிக்குப் பின்னால் காணாமல் போன சிக்னல்

3 டெஸ்லா காந்தப்புலம் கொண்ட ஸ்கேனரில், சுவை தரும் மகிழ்ச்சி பற்றிய எஃப்எம்ஆர்ஐ (மூளை வேலை செய்வதைப் படமெடுக்கும் முறை) சோதனை. எனக்கு வேண்டியது கண்குழிக்கு மேலே உள்ள மூளைப் பகுதி. முதல் ஆளின் படத்தைத் திறந்தால், சரியாக அங்கேதான் கறுப்பாக ஒரு ஓட்டை. மனசே விட்டுப்போனது.

காரணம் சைனஸ் காற்று. காற்றும் திசுவும் சந்திக்கும் இடத்தில் காந்தப்புலம் கோணிவிடும். ஒரே வாக்ஸலுக்குள் (படத்தின் மிகச் சிறிய கனசதுரம்) புரோட்டான்கள் வெவ்வேறு வேகத்தில் சுழன்று ஒன்றின் சிக்னலை மற்றது அழித்துவிடும். எக்கோ டைம் (சிக்னலைப் பதிவதற்கு முன் காத்திருக்கும் நேரம்) நீண்டால், ஸ்லைஸ் (படமெடுக்கும் ஒவ்வொரு அடுக்கு) தடித்தால், இழப்பு கூடும். நான் வைத்திருந்தது 35 மில்லிசெகண்ட், 4 மி.மீ.

எக்கோ டைமை 27 ஆக்கினேன். ஸ்லைஸை 2.5 மி.மீ. ஆக்கி, சுமார் 30 டிகிரி சாய்த்தேன். ஓட்டை பெருமளவு அடைபட்டது.

இதற்கு விலை உண்டு. ஸ்லைஸ் மெலிந்தால் வாக்ஸலும் சிறுக்கும், இரைச்சல் கூடும். ஸ்லைஸ் எண்ணிக்கை ஏறியதால் டிஆர் (எல்லா ஸ்லைஸையும் ஒருமுறை எடுக்கும் நேரம்) 2 விநாடியிலிருந்து 2.5 ஆனது. என் கேள்விக்கு அது பரவாயில்லை. சைனஸிலிருந்து தள்ளியிருக்கும், உடல் அசைவை இயக்கும் மோட்டார் கார்டெக்ஸ் மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்த மாற்றம் தேவையே இல்லை.

போன சிக்னலை அப்புறம் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. இப்போதெல்லாம் ஐந்து நிமிட முன்னோட்ட ஸ்கேன் எடுத்து, அந்தப் பகுதியைப் பார்த்த பிறகே ஆட்களைக் கூப்பிடுகிறேன்.