துக்க வீட்டுக்கு உதவுவது எப்படி

"ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். துக்கத்தில் இருப்பவருக்கு என்ன வேண்டும் என்று யோசிக்கவே தெம்பு இருக்காது. யோசித்தாலும் கேட்கக் கூச்சம் தடுக்கும். வேலையை நீங்களே தேர்ந்தெடுத்து, "நாளைக்குப் பிள்ளைகளை ஸ்கூல்ல நான் விட்டுடறேன், சரியா?" என்று கேளுங்கள். அவர்கள் தலையாட்டினால் போதும்.

நான் பெரும்பாலும் காகித வேலையைத்தான் எடுத்துக்கொள்வேன். வங்கி, காப்பீடு, ஓய்வூதியம் என்று பல இடங்களில் இறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். அதில் உள்ள பெயர் மற்ற ஆவணங்களோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று வாங்கும்போதே பார்த்துவிட்டால் பின்னால் அலைச்சல் மிச்சம். நகல்களை ஒரு ஃபைலில் போட்டு, எதை எங்கே கொடுத்திருக்கிறோம் என்று மேலட்டையில் எழுதி வைப்பேன். கையெழுத்து போட வேண்டிய இடங்களில் பென்சிலால் ஒரு சிறு குறி. அழுது வீங்கிய கண்களுக்கு அந்தக் குறி எவ்வளவு பெரிய உதவி என்று பார்த்திருக்கிறேன்.

"எல்லாம் நன்மைக்கே" என்ற பேச்சு வேண்டவே வேண்டாம். இறந்தவரின் பெயரைச் சொல்லத் தயங்காதீர்கள். அவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள். அவர்கள் அழுதால் அழட்டும், பேச்சை மாற்றாதீர்கள்.

அப்புறம், கூட்டம் கலைந்த பிறகுதான் தனிமை உறைக்கும். இறந்தவரின் பிறந்தநாள், அவர்களின் கல்யாண நாள் இரண்டுக்கும் உங்கள் போனில் நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குக் கூப்பிட்டு, "சாப்பிட்டீங்களா?" என்று ஆரம்பித்தால் போதும். எடுக்கவில்லை என்றால் வருத்தப்படாமல் அடுத்த வாரம் மறுபடி கூப்பிடுங்கள்.