இரைப்பைப் பரிசோதனைக்குப் பிள்ளையை அழைத்துப் போகுமுன்

டைப் 1 நீரிழிவு உள்ள பிள்ளை நாலு வாய் சாப்பிட்டதுமே போதும் என்கிறது. அடிக்கடி குமட்டுகிறது. சாப்பாட்டுக்கு இன்சுலின் போட்ட கொஞ்ச நேரத்திலேயே சர்க்கரை இறங்கி, பிறகு வெகுநேரம் கழித்துத் திடீரென்று ஏறுகிறது. உணவு இரைப்பையை விட்டு இறங்கத் தாமதமாகிறதோ என்று மருத்துவருக்குச் சந்தேகம் வரும். ஆனால் மலச்சிக்கலும், கோதுமையில் உள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயும்கூட இதே தொல்லைகளைத் தரலாம். அதனால்தான் உணவு இரைப்பையை விட்டு எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று அளந்து பார்க்கிறார்கள்.

பெரிய தவறு, அன்றைய சர்க்கரை அளவைக் கண்டுகொள்ளாமல் விடுவது. சர்க்கரை ஏறினால் நல்ல இரைப்பையும் மெதுவாகத்தான் இயங்கும். ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 4 மில்லிமோலாக இருப்பதோடு ஒப்பிட்டால் 8 மில்லிமோலிலேயே வேகம் குறைகிறது. சர்க்கரை தாழ்ந்தால் நேர்மாறாக, இரைப்பை வேகமாகக் காலியாகும். பெரியவர்களுக்கான வழிகாட்டுதலில் பரிசோதனைக்கு முன் டெசிலிட்டருக்கு 275 மில்லிகிராம், அதாவது சுமார் 15 மில்லிமோல், மேல்வரம்பு. பிள்ளைக்கு எந்த அளவு வரை சரி என்று உங்கள் மருத்துவக் குழுவிடம் முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். சென்னையில் இருக்கும் சித்தப்பா போனில் மில்லிகிராமில் பேசுவார்; உங்கள் மீட்டர் மில்லிமோலில் காட்டலாம். மில்லிமோலை 18 ஆல் பெருக்கினால் மில்லிகிராம் வந்துவிடும்.

வெறும் வயிறாக வரச் சொன்னார்கள் என்று இன்சுலினை மொத்தமாக நிறுத்திவிடக் கூடாது. சாப்பிடாவிட்டாலும் நாள் முழுதும் உடலுக்குத் தேவைப்படும் அடிப்படை இன்சுலின் கட்டாயம் வேண்டும். நிறுத்தினால் ரத்தத்தை அமிலமாக்கும் கீட்டோன் ஏறும். எவ்வளவு, எப்போது என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் சர்க்கரை 4 மில்லிமோலுக்குக் கீழே போனால் பரிசோதனை கெட்டுப்போகுமே என்று பார்க்காதீர்கள், ஜூஸ் கொடுங்கள். அதை மறைப்பதுதான் தவறு. வரிசை எண் போய்விடும் என்ற பயத்தில் "ஒண்ணும் குடிக்கல சிஸ்டர்" என்று சொல்லிவிட்டால், வரும் முடிவை நம்ப முடியாது. பரிசோதனைக்கு வேறொரு நாள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இரைப்பை இயக்கத்தை மாற்றும் மருந்துகளையும் விடாமல் சொல்லுங்கள். வாந்திக்குப் பக்கத்து கிளினிக்கில் வாங்கிய டோம்பெரிடோன், மெட்டோகுளோப்ரமைடு, எரித்ரோமைசின் எல்லாம் இதில் சேரும். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

பரிசோதனை உணவில் மிகச் சிறிதளவு கதிரியக்கப் பொருள் கலந்து, கேமராவில் 4 மணி நேரம் வரை அவ்வப்போது படம் எடுப்பது ஒரு முறை. உணவு பெரும்பாலும் முட்டையும் ரொட்டியும். முட்டை ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லுங்கள், ஏனென்றால் உணவு மாறினால் ஒப்பிடும் அளவும் மாறும். பிள்ளை பாதியை வைத்துவிட்டாலோ வாந்தி எடுத்தாலோ அதையும் சொல்ல வேண்டும். 2 மணி நேரத்தில் பசிக்கிறது என்று அழுதால் பிஸ்கட்டை நீட்டிவிடாதீர்கள், பாவமாக இருந்தாலும்! கதைப் புத்தகம் கையில் இருக்கட்டும்.

இன்னொரு முறை மூச்சுப் பரிசோதனை. இதில் கதிரியக்கம் கிடையாது. கார்பன் 13 என்ற, சற்றே கனமான கார்பன் வகை கலந்த உணவைக் கொடுத்து, அது மூச்சில் எவ்வளவு வெளிவருகிறது என்று பார்க்க ஊதும் மூச்சை அவ்வப்போது சேகரிப்பார்கள். இங்கே நம் வீட்டுச் சமையலே குழப்பலாம். சோளம், கம்பு, கேழ்வரகு, கரும்புச் சர்க்கரை, அன்னாசி ஆகியவற்றில் இயல்பாகவே கார்பன் 13 சற்று அதிகம். சர்க்கரைக்கு நல்லது என்று முந்தின நாள் இரவு பாட்டி ஊட்டும் கேழ்வரகுக் கூழை அன்று கொடுக்காமல் விட்டுவிட்டு, எதை எப்போதிலிருந்து தவிர்ப்பது என்று கேளுங்கள். ஓடியாடினாலும் மூச்சில் வரும் கணக்கு மாறும் என்பதால் பிள்ளையை உட்காரவைத்திருங்கள்.

முடிவு வந்ததும் இணையத்தில் தேடி, 4 மணி நேரத்தில் உணவில் 10 சதவீதத்துக்கு மேல் இரைப்பையில் மிச்சம் இருந்தால் நோய் என்று நீங்களே தீர்மானித்துவிடாதீர்கள். அது பெரியவர்களின் அளவு. பிள்ளைகளுக்கான அளவுகோல் அவ்வளவு உறுதியாக இல்லை. பிறகு மறுபடி அளக்க நேர்ந்தால் அதே முறை, அதே உணவு என்று கேட்டு வாங்குங்கள். கூடவே முதல் பரிசோதனையன்று 4 மணி நேரமும் பிள்ளையின் உடலில் ஒட்டியிருக்கும் சர்க்கரை சென்சாரில் ஓடிய வரைபடத்தைப் படமெடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.